ஃப்ரெடி மெர்க்குரி: பஞ்ச்கனி ஹாஸ்டலில் இருந்து வெம்ப்ளி வரை

ரெண்டு தடவை காலால் தரையை இடிக்கணும், ஒரு தடவை கை தட்டணும். டம் டம் டக். ஸ்போர்ட்ஸ் டே, கபடி ஃபைனல், கல்ச்சுரல்ஸ் எதுவா இருந்தாலும் சரி, கேலரியில் ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், மொத்தக் கூட்டமும் சேர்ந்துக்கும். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தாளம் வி வில் ராக் யூ என்ற பாட்டோடது. இங்கிலாந்தைச் சேர்ந்த குயின் என்ற ராக் பேண்ட் 1977ல் வெளியிட்டது. பாடியவர் ஃப்ரெடி மெர்க்குரி. அவர் இறந்தது 1991ல். நம்ம பேட்ச்ல ஒருத்தர்கூட அப்போ பிறக்கல. இருந்தும் 1970களின் ராக் பாட்டு என்று சொன்னதும் நம்ம ஹாஸ்டலில் முதலில் ஒலிப்பது இவர் குரல்தான்.

ராக் என்றால் வெறும் சத்தம், நீள முடி, தோல் ஜாக்கெட் என்று நினைக்கிறவங்க நிறைய பேர். அப்படி இருந்தால் இத்தனை வருஷம் தாங்காது. இந்தப் பாட்டுகள் ஏன் இன்னும் மனசைப் பிடிக்கின்றன என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கு. அந்த வாழ்க்கையின் ஆரம்பம், நாமக்கல் பக்கம் படிச்ச யாருக்கும் அந்நியமா தெரியாது.

கப்பலில் வந்த எட்டு வயசுப் பையன்

1946 செப்டம்பர் 5 அன்று, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருக்கும் சான்சிபார் தீவில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஃபரோக் பல்சாரா. அப்பா போமி, அம்மா ஜெர், இருவரும் குஜராத்தில் இருந்து போன பார்சிகள். பல்சாரா என்ற குடும்பப் பெயரே குஜராத்தின் பல்சார் என்ற ஊரில் இருந்து வந்தது. இன்று அந்த ஊரை வல்சாட் என்கிறோம். அப்பாவுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை. ஃபரோக்குக்கு ஒரு தங்கச்சி, பெயர் காஷ்மீரா.

எட்டு வயசு ஆனதும் பையனை நல்ல பள்ளியில் சேர்க்கணும் என்று பெற்றோர் முடிவு பண்ணினாங்க. மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற உறைவிடப் பள்ளி. நம்ம ஏற்காடு மாதிரி ஒரு மலை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர், மூடுபனி, வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிகள். சான்சிபாரில் இருந்து கப்பல் ஏறி பம்பாய், அங்கிருந்து மலை மேல். விடுமுறைகள் பலவற்றைப் பம்பாயில் உறவினர் வீட்டில்தான் கழித்தார். அப்பா அம்மாவைப் பார்ப்பது அபூர்வம்.

ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சுற்றி எத்தனை ரெசிடென்ஷியல் ஸ்கூல் இருக்குன்னு நமக்குத் தெரியும். வேற வேற மாவட்டத்துப் பிள்ளைங்க மார்க்குக்காகப் பெட்டி படுக்கையோட வந்து இறங்குவாங்க. நானும் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அப்படி ஒரு ஹாஸ்டல்ல இருந்தவன்தான். இங்கிலீஷ் மீடியம்னு பேரு, ஆனா இங்கிலீஷ் பாட்டு கேட்டா மட்டும் வார்டனுக்கு ஆகாது. வாரத்துக்கு ஒரு போன். பத்து நிமிஷம். பின்னாடி வரிசை நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்துல யாரும் ராத்திரி அழுததைச் சொல்ல மாட்டோம், டெஸ்ட் மார்க்கைச் சொல்வோம், சாப்பிட்டாச்சுன்னு சொல்வோம், வெச்சிடுவோம். மனசுல இருக்கறதை உள்ளேயே வெச்சுக்க அந்த ரெண்டு வருஷம் நல்லா பழக்கிடும். பதினாறு வயசுல எனக்கே அப்படின்னா, வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் ஒரு கடலே இருந்த எட்டு வயசுப் பையனை நினைச்சுப் பாருங்க.

அவருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. வாயில் நாலு பல் கூடுதல். அதனால் முன்பற்கள் தூக்கலாகத் தெரியும். பள்ளியில் அதை வைத்தே ஒரு பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் பண்ணினார்கள். பிற்காலத்தில் பணம் குவிந்த பிறகும் பல்லைச் சரிசெய்யவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடுமோ என்ற பயம். உலகம் முழுக்கத் தெரிந்த பிறகும் சிரிக்கும்போது உதட்டாலோ கையாலோ பல்லை மறைக்கும் பழக்கம் போகவே இல்லை.

அந்தப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த பெரிய பரிசு பியானோ. பாடம் கற்று நான்காம் கிரேடு வரை தேறினார். ஃப்ரெடி என்ற பெயரும் அங்கே நண்பர்கள் வைத்ததுதான். பன்னிரண்டு வயசில் நண்பர்களோடு சேர்ந்து தி ஹெக்டிக்ஸ் என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தார். கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களின் அன்றைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேண்டில் முன்னால் நின்று பாடியவர் வேறொரு பையன். ஃப்ரெடி ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசித்தவர்.

நாலு டிகிரி, ஒரு பேண்ட்

1963ல் சான்சிபார் திரும்பினார். அடுத்த வருஷமே அங்கே புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கில் அரபியரும் இந்தியரும் கொல்லப்பட்டார்கள். பல்சாரா குடும்பம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பி ஓடியது. லண்டன் ஓரத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீடு. விமான இறைச்சல் கேட்கும் தூரத்தில் ஹீத்ரோ. அந்த விமான நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலைகூட ஃப்ரெடி பார்த்திருக்கிறார். ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து 1969ல் டிப்ளமோ வாங்கினார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்றார். கூட விற்ற நண்பர் ரோஜர் டெய்லர்.

ரோஜர் அப்போது பிரையன் மே என்பவரோடு சேர்ந்து ஸ்மைல் என்ற பேண்டில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். 1970ல் அந்தப் பேண்டின் பாடகர் விலகினார். அந்த இடத்துக்கு ஃப்ரெடி வந்தார். பேண்டுக்குக் குயின் என்று பெயர் வைத்ததும் அவர்தான். பல்சாராவை விட்டுவிட்டு மெர்க்குரி என்று தன் பெயரை மாற்றிக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். பேண்டின் சின்னத்தையும் அவரே வரைந்தார். நாலு பேரின் ராசிகளைச் சேர்த்து ரெண்டு சிங்கம், ஒரு நண்டு, ரெண்டு தேவதை, மேலே ஒரு ஃபீனிக்ஸ் பறவை. படித்த டிப்ளமோ வீண்போகவில்லை.

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். பிரையன் மே இம்பீரியல் காலேஜில் இயற்பியல் படித்தவர். பதினாறு வயசில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம் கழுத்தாச்சு, பழைய மோட்டார் பைக்கின் வால்வு ஸ்பிரிங் ட்ரெமலோவாச்சு. அதன் பிறகு பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான் வாசித்து வருகிறார். பாதியில் விட்ட பிஎச்.டி.யை 2007ல் முடித்து டாக்டர் ஆனார், விண்வெளித் தூசியைப் பற்றிய ஆராய்ச்சி. 1971ல் வந்து சேர்ந்த பாஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸில் முதல் வகுப்பு. குப்பைத்தொட்டியில் கிடைத்த சர்க்யூட் போர்டை வைத்து அவர் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர், குயின் ஆல்பங்களிலேயே ஒலிக்கிறது. ரோஜர் பல் மருத்துவத்தில் சேர்ந்து, பிறகு உயிரியலுக்கு மாறிப் பட்டம் வாங்கினவர். படிப்பும் பாட்டும் ரெண்டும் தெரிஞ்ச நாலு பேர். வீட்டில் சண்டை போடும்போது சொல்லிக்கொள்ள உதவும்.

ஒருத்தரே பாடிய கோரஸ்

முதல் ஆல்பம் 1973ல் வந்தது, பெரிதாகப் போகவில்லை. 1974ல் கில்லர் குயின் பாட்டு கவனம் வாங்கிக் கொடுத்தது. 1975ல் வந்தது பொஹீமியன் ராப்சடி.

நீளம் 5 நிமிடம் 55 நொடி. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. மெதுவான பாட்டாகத் தொடங்கி, கிட்டார் சோலோ, ஆப்பரா, பலமான ராக் என்று மாறி, கடைசியில் அமைதியாக அடங்கும். அன்றைய ஸ்டுடியோவில் இருந்தது 24 டிராக் டேப் மட்டும். ஆப்பரா பகுதிக்கு மட்டும் மூணு வாரம். ஃப்ரெடி, பிரையன், ரோஜர் மூணு பேரும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடி, பதிவானதை எல்லாம் ஒரே டிராக்கில் கலந்து, காலியான டிராக்குகளில் மறுபடி பாடி, 180 அடுக்கு வரை சேர்த்தார்கள். ஹெட் மேல் ஓடி ஓடி டேப்பின் காந்தப் பூச்சே தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. நம்ம லேப்டாப்பில் இன்று ஒரு மணி நேர வேலை அது.

இவ்வளவு நீளப் பாட்டை ரேடியோ போடாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். கென்னி எவரெட் என்ற ரேடியோ நண்பர் ரெண்டே நாளில் 14 தடவை போட்டார். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்.

இந்தப் பாட்டில் என்னை அசைத்த இடம் ஆரம்பம்தான். வாத்தியம் எதுவும் இல்லாமல் பல பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி வரும். வீடியோவில் நாலு முகம் தெரியும். ஆனால் ஒலிப்பதிவில் அந்த அத்தனை குரலும் ஃப்ரெடி ஒருத்தருடையது. கூட யாரும் இல்லாத ஒருவர் தன் குரலையே அடுக்கி ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கிறார். அப்புறம் கோரஸ் விலகி, பியானோவும் ஒற்றைக் குரலும் மட்டும் மிஞ்சும். அதில் ஒரு பையன் அம்மாவிடம், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறான். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று எத்தனையோ பேர் கேட்டும் ஃப்ரெடி கடைசி வரை விளக்கவில்லை. வாரம் பத்து நிமிஷ போன்ல மார்க்கை மட்டும் சொல்லிட்டு வெச்ச எனக்கு விளக்கம் தேவைப்படல.

கூட்டத்தின் கையில் பாட்டைக் கொடுத்தவர்

1977ல் ஸ்டாஃபோர்டு பக்கம் பிங்க்லி ஹாலில் ஒரு கச்சேரி. முடிந்து பேண்ட் இறங்கிய பிறகும் ரசிகர்கள் கலையவில்லை, அவர்களாகவே சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பிரையனும் ஃப்ரெடியும் அதைக் கேட்டு நின்றார்கள். கேட்பவர்களே பாடும்படி ஒரு பாட்டு எழுதினால் என்ன என்ற யோசனையில் இருந்து ரெண்டு பாட்டு பிறந்தது. பிரையன் எழுதியது வி வில் ராக் யூ, ஃப்ரெடி எழுதியது வி ஆர் தி சாம்பியன்ஸ்.

நெரிசலான கூட்டத்தில் வாத்தியம் வாசிக்க முடியாது, ஆனால் காலை இடிக்கலாம், கை தட்டலாம். அதனால் முதல் பாட்டில் டிரம்ஸே கிடையாது, கடைசியில் வரும் கிட்டாரைத் தவிர வேறு வாத்தியமும் கிடையாது. ஸ்டுடியோவில் சில பேர் மரப்பலகை மேல் இடித்ததை ஆயிரம் பேர் இடித்த மாதிரி ஆக்கியது இயற்பியல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மைதானத்தில் 34 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டுவது நம்ம காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். பிரையன் ஒரே பதிவைப் பல நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தாமதத்தில் வைத்தார். தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் தேர்ந்தெடுத்தார். ஒன்றின் மடங்கு இன்னொன்றோடு பொருந்தாததால் எக்கோவாகக் கேட்காது, கூட்டமாகக் கேட்கும். பகா எண் எதுக்கு உதவும்னு மேத்ஸ் கிளாஸ்ல கேட்டவங்களுக்கு இதோ ஒண்ணு.

ஃப்ரெடியின் பாட்டு வேறு ரகம். கப் ஜெயிக்கும்போது எல்லாம் அதைத்தான் போடுவார்கள். ஆனால் கவனித்துக் கேட்டால் அது களைப்பில் தொடங்குகிறது. பட்ட அடி, செய்த தப்பு எல்லாம் முதலில் வரும், வெற்றி பிறகுதான். அந்த வெற்றியும் தனி ஆளுடையது இல்லை, கூட நிற்கிற எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. தோற்ற டீமும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய வெற்றிப் பாட்டு அது.

1975 ஆல்பத்திலேயே லவ் ஆஃப் மை லைஃப் என்ற மென்மையான பாட்டு ஒன்று இருந்தது. மேரி ஆஸ்டின் என்ற பெண்ணோடு ஃப்ரெடி ஆறு வருஷம் போல சேர்ந்து வாழ்ந்தார். ஆண்கள் மேலும் தனக்கு ஈர்ப்பு உண்டு என்று 1976ல் அவரிடம் சொன்னார். காதல் முடிந்தது, நட்பு சாகும் வரை நின்றது. தன் வீட்டையே மேரிக்கு எழுதி வைத்தார். அவருக்காக எழுதியது என்று பரவலாகச் சொல்லப்படும் பாட்டு இது. 1985 ஜனவரியில் பிரேசிலின் ரியோவில் ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். அங்கே பேசுவது போர்ச்சுகீஸ். ஆனால் இந்த இங்கிலீஷ் பாட்டை மொத்தக் கூட்டமும் முழுசாகப் பாடியது. ஃப்ரெடி பாடுவதை நிறுத்திவிட்டுக் கையசைத்து நடத்த மட்டும் செய்தார். இங்கிலீஷ் பாட்டு நமக்கு எதுக்குன்னு கேட்கறவங்களுக்கு ரியோவைக் காட்டலாம்.

21 நிமிடம்

1984ல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் போய் வாசித்ததால் குயினுக்குக் கெட்ட பெயர். அந்தக் கண்டனம் நியாயமானது. பேண்டின் காலம் முடிந்தது என்றும் பேச்சு இருந்தது. 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லைவ் எய்ட் நடந்தது. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 72,000 பேர், டிவியில் பல நாடுகளில் கோடிக்கணக்கானவர்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் இருபது நிமிஷம் போலத்தான் நேரம். மற்றவர்கள் சாதாரணமாக வந்தார்கள். குயின் முன்னதாகவே கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்திருந்தது.

ஃப்ரெடி வெள்ளை பனியனோடு வந்து பியானோவில் உட்கார்ந்து பொஹீமியன் ராப்சடியின் ஆரம்பத்தை எடுத்தார். அடுத்த பாட்டுக்கு 72,000 பேரும் தலைக்கு மேல் கை தூக்கி ஒரே நேரத்தில் தட்டினார்கள். நடுவில் வாத்தியம் இல்லாமல் அவர் ஒரு ராகத் துணுக்கைப் பாட, கூட்டம் அப்படியே திருப்பிப் பாடியது. நம்ம ஊர் பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போலத்தான். பத்து வருஷம் முன்பு ஸ்டுடியோவில் தன் குரலையே அடுக்கிக் கோரஸ் செய்தவருக்கு, இப்போது மைதானமே கோரஸ். ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசித்த பஞ்ச்கனிப் பையன் அந்த 21 நிமிஷமும் எங்கேயும் தனியா இல்லை.

மறைத்து வைத்த நோய்

1986 ஆகஸ்ட் 9 அன்று நெப்வொர்த்தில் நடந்ததுதான் குயினோடு அவருடைய கடைசிக் கச்சேரி. 1987ல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை. பேண்ட் ஆட்கள், கூடவே வாழ்ந்த துணைவர் ஜிம் ஹட்டன், மேரி என்று ஒரு சிலருக்கு மட்டும் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மறைத்தது தப்பா, இல்லையா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இதை எட்ட இருந்து தீர்ப்பு சொல்ல நம்ம ஊருக்கு உரிமை இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986ல், சென்னையில். லாரித் தொழிலை நம்பி இருக்கும் நாமக்கல் மாவட்டம், தமிழ்நாட்டில் இந்த நோயால் அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று. புலிராஜா விளம்பரத்தை நம்ம அப்பா அம்மா தலைமுறை மறந்திருக்காது. நோய் வந்த டிரைவரை ஊர் எப்படிப் பார்த்தது, அவர் மனைவியை, பிள்ளையை எப்படி ஒதுக்கியது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பயந்து எத்தனையோ பேர் வெளியே சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். உலகப் புகழும் பணமும் இருந்தவருக்கே அந்தப் பயம் இருந்தது.

வெளியே பேசாதவர் உள்ளே பாடிக்கொண்டே இருந்தார். 1990ல், நடக்கவே சிரமப்பட்ட நிலையில், தி ஷோ மஸ்ட் கோ ஆன் பாட்டைப் பதிவு செய்தார்கள். பெரும்பகுதி பிரையன் எழுதியது. இவ்வளவு உச்சத்தில் அவரால் பாட முடியுமா என்று பிரையனுக்கே சந்தேகம். ஃப்ரெடி கொஞ்சம் வோட்கா குடித்துவிட்டு நின்று பாடி முடித்தார். கேட்டால் நோயாளியின் குரல் என்று யாரும் சொல்ல முடியாது. 1991ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஏரிக்கரை ஸ்டுடியோவில், உடம்பு ஒத்துழைத்த நாட்களில் எல்லாம் பாடிப் பதிவு செய்து வைத்தார். அவர் போன பிறகு மற்ற மூணு பேரும் அதை முடித்து வெளியிட்டார்கள்.

1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கையாக வெளியிட்டார். அடுத்த நாள் இறந்தார். வயது 45. பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. பெயரை மாற்றி, பிறந்த இடத்தைப் பற்றி அதிகம் பேசாமல் வாழ்ந்தவருக்குக் கடைசியில் ஓதப்பட்டது தாத்தா பாட்டி காலத்து ஜொராஸ்டிரியப் பிரார்த்தனைதான். பொஹீமியன் ராப்சடி மறுபடி வெளியாகி மறுபடி முதலிடம் போனது. அந்த வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனத்துக்குப் போனது. 1992 ஏப்ரல் 20 அன்று அதே வெம்ப்ளியில் நண்பர்கள் அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள், அதில் வந்த பணத்தில் எய்ட்ஸுக்கு எதிராக மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் உருவானது. உயிரோடு இருந்தபோது அவரால் வெளியே சொல்ல முடியாத நோயைப் பற்றி, ஒரு மைதானம் நிறைய பேர் பேசினார்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

புதுசாகக் கேட்க நினைக்கிறவங்க இந்த வரிசையில் கேட்டுப் பாருங்க. முதலில் லைவ் எய்ட் வீடியோ முழுசா. அடுத்து லவ் ஆஃப் மை லைஃப், ரியோவில் எடுத்தது. பிறகு தி ஷோ மஸ்ட் கோ ஆன். பொஹீமியன் ராப்சடியைக் கடைசியா வெச்சுக்கங்க. அதை ஸ்பீக்கர்ல வேண்டாம், விளக்கை அணைச்சிட்டு ஹெட்ஃபோன்ல கேளுங்க. முதல் அரை நிமிஷத்தில் எத்தனை குரல் வருதுன்னு எண்ணிப் பாருங்க. எண்ணி முடிச்சதும், அது எல்லாமே ஒரே ஆள்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ஹாஸ்டலுக்குப் புதுசா வந்து யார்கிட்டயும் பேசாம மூலையில உட்கார்ந்திருக்கிற ஃபர்ஸ்ட் இயர் பையன் யாராவது உங்க கண்ணில் பட்டால், ஹெட்ஃபோனோட இன்னொரு பக்கத்தை அவன்கிட்ட கொடுங்க.